கட்டத்தக்காவின் ராத்திரிக் கணக்கு

"கோட்டைத் தாண்டாதீங்க. அந்தப் பக்கம் கடல்," என்றாள் அக்கா.

பேக்கரிக்காரர் நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அலுவலகத் தரையில் மஞ்சள் நாடாவால் ஒரு நீள்சதுரம் ஒட்டியிருக்கிறது. அகலம் எட்டடி, நீளம் பதினைந்து. ஒரு பக்கத்தில், கோட்டுக்கு ஓரடி வெளியே, பழைய நாடாவை உரித்தெடுத்த பசைத் தடம் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. உள்ளே சேர்த்துப் போட்ட இரண்டு நாற்காலிகள் கட்டில். மூலையில் கவிழ்த்து வைத்த வாளி குளியலறை. கப்பலில் ஓர் அறை என்றால் இவ்வளவுதான். முதல் தடவையாகக் கப்பலில் சுற்றிவர ஆசைப்பட்டு இங்கே வருகிறவர் கொம்பனாக இருந்தாலும் சரி, கூட வருகிறவரோடு இந்தக் கட்டத்துக்குள் நின்றாக வேண்டும். அக்கா வெளியே தன் மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பாள். டம்ளர் காலியாகும்வரை நிற்க வேண்டும். அவள் டீ குடிக்கும் அழகுக்கு அது பத்து நிமிஷமாவது ஆகும்.

குடிக்கும்போது அவள் கண் அவர்கள் காலில்தான் இருக்கும். "மூஞ்சி பொய் சொல்லும், கால் சொல்லாது" என்பது அவள் கட்சி. பேக்கரிக்காரரின் மனைவி உள்ளே போனதும் 'கட்டிலில்' உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டார். பேக்கரிக்காரர் இரண்டு நிமிஷம் நின்றார், பிறகு போனை எடுத்தார், வைத்தார், வாளியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மனைவி, "கொஞ்சம் உக்காருங்களேன், தலை சுத்துது எனக்கு," என்றார்.

அக்கா டம்ளரை வைத்தாள். "அம்மாவுக்கு ஏழு ராத்திரி. ஐயாவுக்கு மூணு. ரெண்டையும் கலந்து அஞ்சு போடலாம்."

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை போகணும்னு நினைச்சு தள்ளிப் போட்டீங்க?"

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அடுப்பை யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னே ஆறேழு வருஷம் ஓடிருச்சு."

அக்கா தாளில் எழுதியிருந்த ஐந்தை அடித்தாள். நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப ராத்திரிக் கணக்கை விடுங்க. முதல்ல எந்தக் கப்பல் கிளம்புதுன்னு பாப்போம்."

அந்தக் கடைசிக் கேள்வி புதிது. போன வருஷம்வரை அது அவள் வாயில் வந்ததில்லை.

செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒரே ஒரு அறைதான் இந்தப் பயண அலுவலகம். மூன்று மேசைகள். ஒன்றில் முதலாளி, அவர் பெரும்பாலும் வெளியே இருப்பார். இன்னொன்றில் விமான டிக்கெட் போடும் பெண். மூன்றாவது மேசையில் இருபத்திரண்டு வருஷமாக அக்கா. கப்பல் பயணம் முழுக்க அவள் பொறுப்பு. 'கட்டத்தக்கா' என்று பெயர் வைத்தது விமான டிக்கெட்காரிதான். அது அக்காவுக்குத் தெரியும். கோபமில்லை. "வச்ச பேரு நிக்குதுன்னா அதுல ஏதோ இருக்கு" என்பாள்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது விலை. அடுத்து, சாப்பாடு. எத்தனை நாள் என்பதைக் கடைசியில், காய்கறிக்காரரிடம் கொசுறு கேட்கிற மாதிரிக் கேட்பார்கள். அக்காவுக்கு அங்கேதான் எரிச்சல் வரும். முதல் தடவை போகிறவருக்குக் கப்பல் எது என்பது முக்கியமே இல்லை, ஊர் எது என்பதும் முக்கியமில்லை, எத்தனை ராத்திரி என்பதுதான் எல்லாம் என்று அவள் அடித்துச் சொல்வாள். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு உண்டு. "மொத நாள் உடம்பு சண்டை போடும். ரெண்டாவது நாள் வயிறு. மூணாவது நாள் மனசு. 'எதுக்குடா வந்தோம், வீட்ல கேஸை மூடினோமா'ன்னு. மூணாவது நாள் தாண்டி ஒரு காலைல எந்திரிச்சுப் பாத்தா எல்லாம் சரியாயிருக்கும். அன்னைக்குத்தான் ஆள் கப்பல்ல ஏறுறார். அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் அவரோட பெட்டி."

ஆகவே மூன்று ராத்திரிக்குக் குறைந்தது எதையும் அவள் விற்க மாட்டாள். ஏழுக்கு மேலும் விற்க மாட்டாள். ஒருமுறை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கட்டத்தில் நிற்க மறுத்து, "நான் பாக்காத கணக்கா" என்று அடம்பிடித்து, முதலாளியிடம் சொல்லிப் பன்னிரண்டு ராத்திரி வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து படியேறினார், மனைவி கீழேயே நின்றுவிட்டார். "எப்படி இருந்துச்சு சார்?" என்று அக்கா கேட்டாள். "பன்னெண்டு ஞாயித்துக்கிழமையை வரிசையா வச்ச மாதிரி இருந்துச்சும்மா," என்றார் வாத்தியார். ஆழம் தெரியாமல் காலை விட்டால் இப்படித்தான்.

பயந்தவர்களுக்கு அவளிடம் தனி மருந்து உண்டு. "தூக்கம் வருமா, கப்பல் நின்னுட்டா என்ன பண்றது" என்று கேட்கிறவர்களிடம், தன் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்துக் காட்டுவாள். "படுத்துக்கிட்டு இப்படி வைங்க. கொஞ்ச நேரத்துல ஒரு அதிர்வு தெரியும். இன்ஜின். அது ஓடுதுன்னு கைக்குத் தெரிஞ்சுருச்சுன்னா போதும், மனசு தானா அடங்கிரும்." இதைக் கேட்டுவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து, வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்லாமல் போனதில்லை.

இரண்டு ராத்திரிக் கப்பல் என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பும், ஞாயிறு காலை எட்டுக்குத் திரும்பிவிடும். எங்கேயும் நிற்காது. கரை மறையும் தூரம் போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். மேல்தளத்தில் ஆட்டமும் பாட்டும். கல்லூரி முடித்தவர்கள், கம்பெனிக் கூட்டங்கள். அக்காவுக்கு அதன் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கும். "அது கப்பல் இல்ல. தண்ணில மிதக்குற ஸ்பீக்கர்." அந்தக் கப்பலின் விளம்பரத் தாளை அவள் நாலாய் எட்டாய் மடித்து, ஆடுகிற தன் மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். வருஷா வருஷம் புதுத் தாள் வரும். அதையும் மடித்துப் பழசுக்கு மேல் சொருகுவாள். அந்தக் கப்பலை யாராவது கேட்டு வந்தால் விமான டிக்கெட்காரியிடம் கையைக் காட்டிவிடுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் கட்டிடங்களின் குடலுக்குள் ஏறி இறங்கியவர். வார்த்தையை எண்ணித்தான் பேசுவார். ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது: நாற்காலி, கதவுக் கீல், கண்ணாடிச் சட்டம். விருந்துக்குப் போன வீட்டில்கூட ஸ்பேனர் கேட்பார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர், "ஊரையெல்லாம் அனுப்புறே. நம்மளும் ஒரு தடவை போனா என்ன," என்றார். அவராக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அக்காவுக்கு மனசு குளிர்ந்துபோனது. உடனே கணக்குப் போட்டாள். தன் தங்கை வீட்டுக்குப் போனால்கூட முதல் இரண்டு ராத்திரி தூங்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற மனுஷன் இவர். எந்த இடமும் இவருக்குப் பழக மூன்று நாள் ஆகும். பழகிய பிறகு அனுபவிக்க நாலு நாளாவது வேண்டாமா? "உங்களுக்கு ஏழு ராத்திரி," என்றாள். "அதுக்குக் குறைஞ்சு உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

அவர் தலையாட்டினார். ஏழு என்றால் ஏழு.

ஏழு ராத்திரி சேர்ந்தாற்போல் கிடைப்பது அவ்வளவு லேசா? ஒரு வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்ட்கள் எல்லாவற்றையும் மாற்றும் வேலை வந்தது. ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை, இன்னொரு வருஷம் மகளுக்குக் கல்யாணம். ஒரு வருஷம் அக்காவின் கால் முறிந்தது. நடுநடுவே, விற்காமல் மிச்சப்படும் அறைகளைக் கப்பல் கம்பெனியே அலுவலகத்துக்குச் சும்மா கொடுக்கும். மூன்று ராத்திரி வந்தது, நாலு ராத்திரி இரண்டு தடவை வந்தது. அக்கா அதையெல்லாம் விமான டிக்கெட்காரிக்கும், முதலாளியின் மச்சானுக்கும் தூக்கிக் கொடுத்தாள். தொழில் காரணமாக அவள் மட்டும் நாலைந்து தடவை தனியாகப் போய் வந்தாள். "நாலு உங்களுக்குப் பத்தாதுங்க. அரைகுறையாப் போயிட்டு வந்து, கப்பல்னா இவ்வளவுதானான்னு நீங்க நினைச்சுட்டா அப்புறம் மாத்த முடியாது" என்று அவரிடம் சொல்வாள். ஊராருக்கு நாலும் ஐந்தும் வெட்டிக் கொடுத்த கை, சொந்த வீட்டுக்கு மட்டும் முழுசாகத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தது. அதை அவள் அன்பு என்றே நினைத்திருந்தாள். அன்புதான், இல்லையென்று யார் சொன்னது?

பிறகு அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை. நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய், மெஷினில் சுற்றி, திரும்ப உள்ளே வரும். அதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை வெட்டி ஒன்றாகத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் தோல் கொஞ்சம் புடைத்திருக்கும். விரலை வைத்தால், மூடிய டப்பாவுக்குள் வண்டு இருக்கிற மாதிரி ஓர் உறுமல் தெரியும். "தினமும் காலைல தொட்டுப் பாருங்கம்மா. ஒரு தடவை பாத்தாப் போதும். அந்த அதிர்வு இல்லைன்னா அப்படியே கிளம்பி வந்துருங்க, ஒரு நிமிஷம் நிக்காதீங்க," என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் செய்வாள். அவர் கண்ணை மூடியபடியே, "மோட்டார் ஓடுதா?" என்பார். "ஓடுது, ஓடுது," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள். போகிற வழியில் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது அவருக்குத் தெரியாது.

எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகு, ஒருநாள் டாக்டரின் அறையில் அவர் சட்டை போட வெளியே போனதும், அக்கா கேட்டாள். "இவர் எத்தனை ராத்திரி வெளியூர் போய் இருக்கலாம் டாக்டர்?"

"வெள்ளிக்கிழமை மெஷின் முடிஞ்சதுலேர்ந்து திங்கக்கிழமை காலை வரைக்கும். தண்ணியை அளந்து குடிச்சா."

"மெஷினோட போற கப்பல் இருக்கு டாக்டர். வேற நாட்டுத் துறைமுகத்துலேர்ந்து கிளம்பும். விமானத்துல பத்து மணி நேரம்."

டாக்டர் அவருடைய இதயப் படத்தை எடுத்துக் காட்டினார். "இந்த இதயத்தோட பத்து மணி நேரம் விமானத்துல வேண்டாம்மா," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா விரல் விட்டு எண்ணினாள். மூன்று ராத்திரிக் கப்பல் செவ்வாய் கிளம்பும். நாலு, திங்கள். ஏழைப் பற்றி இனிமேல் எண்ணவே தேவையில்லை. வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு காலையில் திரும்புகிற கப்பல் உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது அவள் மேசைக் காலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

அவள் அவரிடம் சொல்லவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, எட்டு மாதம் சொல்லவில்லை. இரண்டு ராத்திரியைச் சொன்னால் ஏழு ராத்திரி இனி இல்லை என்று சொன்னதாகிவிடும். அது இல்லையென்றால் இனி அவருக்கு என்னவெல்லாம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். அதனால் வாயைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல மஞ்சள் கோட்டுக்குள் ஆட்களை நிறுத்தி, "நாலு", "அஞ்சு" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்தார். மெஷின் இல்லாத நாள், உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்தது. அக்கா மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அக்கா எழுதும்போது மேசை லேசாக ஆடியது. அவ்வளவுதான், மனுஷன் கீழே குனிந்துவிட்டார்.

"என்னத்தை வச்சு முட்டுக் கொடுத்திருக்கே," என்று முனகினார். பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தியால், ஓரத்தில் கிடந்த மரத்துண்டைச் சீவினார். மேசைக் காலைத் தூக்கி, மடித்த தாள்களை உருவி எடுத்து, மரத்துண்டை வைத்தார். அமுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு, கையில் இருந்ததைக் குப்பையில் போடுவதற்கு முன் பிரித்துப் பார்த்தார். எதையும் படிக்காமல் எறிகிற பழக்கம் மெக்கானிக்குகளுக்குக் கிடையாது.

அக்கா பேனாவை மூடினாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி," என்று அவர் மெதுவாக வாசித்தார். "ஞாயித்துக்கிழமை காலைல எட்டு." தாளைத் திருப்பினார். அடுத்த தாளையும் பிரித்தார். எல்லாவற்றிலும் அதே நேரம்தான். "எனக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெஷின் முடிஞ்சிருதுல்ல?"

"அது வேண்டாங்க."

"ஏன்?"

"அது நல்ல கப்பல் இல்ல. ராத்திரி பூரா கூத்தடிப்பாங்க. எங்கயும் நிக்காது. ரெண்டு ராத்திரில உங்களுக்கு ஒண்ணுமே பழகாது. சாமான் எங்க வச்சோம்னு தெரியுறதுக்குள்ள இறங்கச் சொல்லிருவாங்க. மொத தடவை போறவங்களுக்கு நான் அதைக் கொடுக்கிறதே இல்ல." யாரிடமோ ஆயிரம் தடவை சொன்னதைத்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல, குரல் தேய்ந்துகொண்டே போனது.

"பழகுறதுக்கா போறேன்? பாக்கத்தானே போறேன்," என்றார் அவர்.

விமான டிக்கெட்காரி கணினித் திரையை உற்றுப் பார்த்தபடி இருந்தாள். திரையில் ஒன்றும் இல்லை.

அவர் நடந்துபோய் மஞ்சள் கோட்டுக்குள் நின்றார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் நின்ற கட்டம் அது. மளிகைக்கடை, துணிக்கடை, வங்கி மேனேஜர், கல்யாணம் ஆகி மூன்று நாளான ஜோடி. அவர் நின்றதில்லை. அக்கா அவரை நிறுத்திப் பார்த்ததில்லை. கட்டிய புருஷனைத் தெரியாதா என்று நிறுத்தாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"டீ குடி," என்றார்.

"என்னங்க இது."

"எல்லாரையும் நிக்க வச்சுதானே பாக்குறே. எனக்கும் பாரு."

டீ இல்லை. அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, வாசலைப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் நாலடிப் பெட்டிக்குள், இருட்டில், கயிற்றில் தொங்கியபடி வேலை பார்த்தவருக்கு இந்தக் கட்டம் மைதானம். கால் இரண்டும் தரையில் ஊன்றிய இடத்தில் அப்படியே இருந்தன. அக்கா அந்தக் கால்களைப் பார்த்தாள். வீக்கத்தில் செருப்பு வார் பதிந்திருந்தது. வேறு யாருடைய காலாக இருந்தாலும் அவள் பார்த்த உடனே சொல்லியிருப்பாள், இவருக்கு எத்தனை ராத்திரி கொடுத்தாலும் போதும் என்று.

"தலைக்கு மேல வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதைவிடத் தணிந்த குரலில், "பதினோரு வருஷமா ஏழு ராத்திரி, ஏழு ராத்திரின்னு சொன்னே. ஒரு ராத்திரிகூடப் போகல," என்றார்.

அக்காவுக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிட அழுகையாக இருந்தது. நாலு ராத்திரி அறை சும்மா வந்த நாள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ஒன்றில் முதலாளியின் மச்சான் போனான். வந்து, "பரவாயில்ல" என்றான். அந்தப் 'பரவாயில்ல'யை இவர் சொல்லியிருந்தால்தான் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அரைகுறையாகப் பார்த்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து, பார்க்கவே விடாமல் செய்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அவள் விஷயத்தில் உபதேசத்தை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை.

விமான டிக்கெட்காரி எழுந்து வந்து, அந்தக் கசங்கிய தாளை மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டாள். "அக்கா, இந்தக் கப்பல் நான்தான் விக்கிறது. நான் போடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் அக்கா. "நானே போடுறேன்."

அவள் போட்டால் சும்மா போடுவாளா? எல்லாவற்றுக்கும் கீழே, கப்பலின் நட்டநடுவில், ஆட்டம் நடக்கிற தளத்திலிருந்து ஆறு மாடி தள்ளி ஓர் அறை. ஜன்னல் கிடையாது, ஆனால் அலையின் அசைவும் குறைவு, சத்தமும் குறைவு. டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம். மாத்திரைகள் இரண்டு பையில் இரண்டு செட். தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். அதை அளந்து ஊற்ற, கோடு போட்ட பாட்டில். கப்பல் முழுக்க ஏழு வகைப் பானம் இலவசம் என்று போட்டிருந்த பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெஷினிலிருந்து இறங்கினார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியபடியே மூன்று மணிக்குக் கப்பலில் ஏறினார்கள். வரிசை முழுக்க இளவட்டம். முதுகில் ஸ்பீக்கர் கட்டிய ஒருவன், "வாங்க அங்கிள்," என்று வழிவிட்டான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர், "நன்றிப்பா," என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

கப்பலில் லிஃப்ட் வந்ததும் அவர் கதவை ஒருமுறை பார்த்தார், மேலே பார்த்தார், காதைக் கொடுத்துக் கேட்டார். "நல்லா பாத்துக்கிறாங்க," என்றார். அந்தப் பயணம் முழுவதிலும் அவர் கப்பலுக்குக் கொடுத்த சான்றிதழ் அதுதான்.

அறைக்குள் போனதும் அவர் உட்காரவில்லை. சுவருக்குச் சுவர் அடிமேல் அடி வைத்து அளந்தார். திரும்ப ஒருமுறை அளந்தார்.

"உன் கட்டம் தப்பு," என்றார்.

"என்ன தப்பு?"

"ஒன்பதடி வச்சிருக்கே. இது எட்டடி."

அக்கா நம்பவில்லை. தானும் அளந்தாள். எட்டடிதான். வருஷத்துக்கு ஒருமுறை நாடா மாற்றும்போதெல்லாம், பழைய கோட்டுக்கு வெளியே வைத்து வைத்து ஒட்டியதில், கட்டம் தன்னாலே ஓரடி அகன்றிருக்கிறது. இருபது வருஷம் ஊரையே தப்பான அறையில் நிறுத்தி நாள் குறித்திருக்கிறாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றாலும், இது இருபது வருஷச் சறுக்கல். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியபோது, கூட்டத்தோடு கூட்டமாக மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். இசை காதைக் கிழித்தது. அவர் ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டி வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொண்டார். தாகத்துக்கு அது போதும், அளவும் மீறாது. கரை விலகியது. கட்டிடங்கள் சிறுத்தன. அவர் விரலை நீட்டி, தான் லிஃப்ட் மாட்டிய கட்டிடங்களைக் காட்டினார். அது பதினான்கு மாடி, அது ஒன்பது, அதில் ஒருமுறை நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டது. கடைசிக் கட்டிடமும் மறைந்த பிறகு, அதற்கு அப்பால் சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் தண்ணீர் மட்டும் இருந்தது. அவர் இருட்டும்வரை கம்பியை விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் காலைப் பார்த்தாள். ஊன்றிய இடத்தில் அப்படியே இருந்தது.

கீழே அறைக்கு வந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை. ஆறு மாடி தாண்டியும் மேலே குதிக்கிற சத்தம் 'தொம் தொம்' என்று கேட்டது. இதற்குத்தான் பயந்தேன் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். முதல் ராத்திரி. தங்கை வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற ராத்திரி. நாளைக்கும் தூங்க மாட்டார், நாளை மறுநாள் இறங்க வேண்டும்.

அவர் சுவர்ப் பக்கமாகப் படுத்து, வலது உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தார். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும் அவள் வீட்டிலிருந்து போனில் மற்றவர்களுக்குச் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"மேல குதிக்கிறதுதான் தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "இரு," என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "ம்," என்றார். அதற்குள் குரல் கனத்துவிட்டிருந்தது. அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் தூங்கிப்போனார். அவள் கணக்கு அதோடு முழுசாகப் பொய்த்தது.

இத்தனை கப்பலில் தூங்கிய அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய இடது கை அவள் பக்கமாக, போர்வைக்கு வெளியே, பஞ்சு ஒட்டியபடி கிடந்தது. காலையில் ஒருதடவை பார்த்தால் போதும் என்றுதான் நர்ஸ் சொல்லியிருந்தார். அக்கா பஞ்சுக்குச் சற்று மேலே இரண்டு விரல்களை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே, மெல்லச் சாய்ந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.